சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்

சங்க மலருக்குக் கட்டுரை எழுதுவோர் கம்பனையோ இளங்கோவையோ துணைக்கு அழைத்துக்கொள்வது மரபு. நான் எழுத வந்த பொருளோ பிரேக் ஆயில். மலர்க் குழுவினர் பொறுத்தருள்க. சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து இளைஞர்கள் மூவர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். வேன் ஒன்று வாங்கி, அதனுள் படுக்கையும் அடுப்பும் அமைத்து, பெற்றோருடனும் குழந்தைகளுடனும் ஊர் வரை போய்வர அவர்களுக்கு ஆசை. இப்போது அதற்குக் கேரவன் என்று பெயர். கேரள அரசு 2021இல் இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டமே தொடங்கியது. “ஐயா, நீங்கள் அந்தக் காலத்திலேயே அப்படியொரு வண்டி வைத்திருந்தீர்களாமே, அனுபவம் எப்படி?” என்று கேட்டார்கள். விழாக் கூட்டத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. சொல்ல நா எழாத மற்றொரு பாதியும் உண்டு. அதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

நான் வேலையின் பொருட்டுத் தலைநகருக்கு வந்தது 1968இல். தந்தையார் மறைந்த பின் அம்மாவையும் இங்கேயே அழைத்து வந்துவிட்டேன். 1985ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குப் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம், “என்ன எப்படியாவது ஊர்ல கொண்டுபோய் விட்ருய்யா” என்பதுதான். ஊர் என்றால் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ரயிலில் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய், அந்நாளில் இருந்த மீட்டர்கேஜ் வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய ஒருவரை அப்படிக் கொண்டுபோவது ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விமானத்துக்கு என் சம்பளம் எட்டாது. அலுவலகத்து நண்பர் ஒருவர் விளையாட்டாக, “வீட்டையே கொண்டுபோய்விடுங்களேன்” என்றார். அவர் விளையாட்டு எனக்கு வினையாயிற்று.

மூட்டை முடிச்சு ஏற்றிக்கொண்டிருந்த பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினேன். அதன் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வண்டி மீது குற்றம் சிறிது, குற்றமெல்லாம் என் மீதே என்பது போகப்போகத் தெரியும். குடியிருப்பில் அலமாரி செய்துவந்த தச்சர் ஒருவர் ஆறடி நீளக் கட்டில் அமைத்துத் தந்தார். அவர் முதலில் ஆணி அடித்துத்தான் செய்தார். கரோல்பாக்கில் இருந்த மெக்கானிக் அதைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் அடித்த ஆணி நூறாண்டு நிற்கும், வண்டியில் அடித்த ஆணி நூறு மைலில் கழன்று வரும் என்றார். அதிர்வுதான் காரணம். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் போல்ட்டும் நட்டும், நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷரும் போட்டு இறுக்கினோம். வண்டிவீடு அமைப்போர் முதலில் அறியவேண்டியது இதுவே. நிற்கும் வீட்டின் இலக்கணம் ஓடும் வீட்டுக்குப் பொருந்தாது.

விளக்குக்கும் சிறு மின்விசிறிக்கும் தனி பேட்டரி வைத்துக்கொண்டோம். வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே இரவெல்லாம் விசிறி ஓடினால் விடியலில் வண்டி கிளம்பாது. ஓட்டம் விட்ட இடமோ பெரும்பாலும் தள்ளுவதற்கு ஆள் கிடைக்காத இடமாக இருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பை வண்டி நின்ற பிறகு, கதவுகளைத் திறந்து வைத்தே பற்ற வைக்க வேண்டும் என்பது என் மனைவி வகுத்த சட்டம். அதில் அவர் ஒருநாளும் தளர்ந்ததில்லை. இன்று சமையல் எரிவாயு வைத்துக்கொள்வோர் ஒன்றை மனத்தில் இருத்துக: அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே, வெளியேறும் துளை தரை மட்டத்தில் இருக்க வேண்டும். அடுப்பை எரியவிட்டோ எஞ்சினை ஓடவிட்டோ அடைத்த வண்டிக்குள் உறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

1986 அக்டோபரில் புறப்பட்டோம். நானும் மனைவியும், எட்டாம் வகுப்பு படித்த மகனும், அம்மாவும். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் எழுதச் சொன்னேன். லிட்டருக்கு ஓடும் தூரம் காரணமின்றிக் குறைந்தால் வண்டி ஏதோ சொல்ல வருகிறது என்று பொருள். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரங்களில் அவன் வரைந்த லாரிகளும் இருக்கின்றன.

லலித்பூரைக் கடந்த மறுநாள், சாகருக்கு முன்னால், வண்டி இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது. டாங்கில் டீசல் அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டியது என் பிழை. குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. டீசல் எஞ்சினுக்கு இது ஒரு தனி நோய். ஏர் லாக் என்பர். எத்தனை முறை ஸ்டார்ட்டரை அழுத்தினாலும் பேட்டரிதான் தீருமே ஒழிய எஞ்சின் ஓடாது. பின்னால் வந்த லாரியிலிருந்து முதிய சீக்கிய ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். கேனில் இருந்த டீசலை ஊற்றச் சொன்னார். ஃபில்ட்டரின் தலையில் இருந்த திருகைச் சற்றே தளர்த்தி, பக்கத்திலிருந்த சிறு கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். முதலில் நுரையாக வந்தது. நுரை நின்று தெளிந்த டீசல் வழியத் தொடங்கியதும் திருகை முறுக்கிவிட்டுக் கிளப்பச் சொன்னார். கிளம்பியது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மாவை எட்டிப் பார்த்து இரு கைகளையும் கூப்பிவிட்டுப் போனார். அன்று கற்றதை அதன்பின் நான் ஐந்தாறு பேருக்கு வழியில் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால், இன்றைய காமன்ரெயில் எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாய்களைத் தொடாதீர்கள். 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இனி, அந்த மற்றொரு பாதி.

நான் வண்டியில் ஊருக்குப் போகிறேன் என்ற செய்தி பரவியதும் குடியிருப்பிலிருந்த நம்மவர் ஒவ்வொருவராக வந்தார்கள். சேலத்தில் இருக்கும் தங்கைக்கு ஒரு தையல் இயந்திரம். மதுரையில் மாமனார் வீட்டுக்கு நான்கு ரஜாய்கள். ஒருவர் மகளின் சீர்வரிசைப் பாத்திரங்களை ஒரு பெட்டி நிறைய. “வண்டி சும்மாதானே போகிறது, சார்?” என்று கேட்பார்கள். பிறந்த மண்ணைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் நாம், ஊருக்குப் போகிறவன் கையில் ஏதாவது கொடுத்தனுப்பாவிட்டால் நாமே போகாமல் விட்டதாக எண்ணிக் குமைகிறோம். அதை அறிந்தவன் நான். எப்படி மறுப்பேன்? எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். டயர்கள் சற்று அமுங்கியிருப்பதாக மெக்கானிக் சொன்னபோது காற்றைக் கூட்டச் சொன்னேனே தவிர, எடையைக் குறைக்க எண்ணவில்லை. பிரேக் ஆயிலை மாற்றிவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, “அளவு சரியாகத்தானே இருக்கிறது, வந்து மாற்றிக்கொள்ளலாம்” என்றேன். கையிருப்பில் டீசலுக்குப் போக மிஞ்சியது சொற்பம்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் சாலையில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அங்கே சாலை நெடுந்தூரம் வளைந்து வளைந்து இறங்கும். முதல்நாள் தேநீர்க்கடையில் ஒரு லாரிக் கிளீனர், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சொல்லியிருந்தான். பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் காதுக்கு அது வேதமாகப் பட்டது. நியூட்ரலில் விட்டேன். வேகம் ஏற ஏறப் பிரேக்கை மிதித்தேன்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அய்யா, என்னமோ பொசுங்குத வாடை வருதே. அடுப்ப அணைச்சாச்சா?”

“அடுப்பு பத்த வைக்கவே இல்லையே, அத்தை” என்றாள் என் மனைவி.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போயிற்று. சேற்றை மிதித்தது போல இருந்தது. திரும்பத் திரும்ப மிதித்தேன். சற்றே பிடித்து மறுபடி நழுவியது. மூன்றாம் கியருக்குத் தள்ளினேன். கிர்ரென்று பற்கள் கத்தி, பிறகு விழுந்தது. எஞ்சின் அலறியது. அடுத்து இரண்டாவது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் பின்சக்கரங்கள் பூட்டி வண்டி திரும்பியிருக்கும். சாலைப் பணிக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணற்குவியல் ஒன்று தெரிந்தது. இடப்பக்கச் சக்கரங்களை அதில் ஏற்றினேன். வண்டி நின்றது.

சக்கரங்களிலிருந்து புகை வந்தது. மகன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஊற்றாதே என்று கத்தினேன். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடக்கூடும். அவ்வளவுதான் என்னால் பேச முடிந்தது. கை நடுக்கம் அடங்கிப் பின்கதவைத் திறந்தபோது, அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம பக்கம் வந்துட்டா? புளியமரமா நிக்கே” என்றார்.

நடந்தது என்ன என்பதைச் சேலத்தில் ஒரு பட்டறையில் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிக்கு அருகே வந்துவிடும். அளவு சரியாகத்தான் இருந்தது, தரம்தான் போய்விட்டிருந்தது. அளவுக்கு மீறிய சுமை, நியூட்ரலில் இறக்கம், ஓயாமல் மிதித்த பிரேக் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆயிலைக் கொதிக்க வைத்தன. குழாய்க்குள் ஆவி புகுந்துவிட்டால் மிதிக்கும் விசை ஆவியை அமுக்குவதிலேயே கழிந்துவிடும், சக்கரத்தைச் சென்றடையாது. மணற்குவியலருகே ஒன்றரை மணி நேரம் ஆறவிட்ட பின் பிரேக் தானாகவே பழையபடி பிடித்தது. இதுதான் பெருவஞ்சனை. ஆவி குளிர்ந்து மறுபடி நீராகிவிடுவதால் நோய் தீர்ந்ததென்று நம்பி ஓட்டுகிறவர்கள் பலர். நான் முதல் கியரிலேயே ஊர்ந்து சேலம் வந்தேன். பட்டறையில் வடித்த ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

பட்டறைக்காரர் என்னை எடைமேடைக்கு அனுப்பினார். பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடைக்கு மேல் 340 கிலோ இருந்தது. என் தாயைக் கிடத்திய கட்டிலுக்குக் கீழே நான் ஏற்றி வைத்த பிறர் அன்பின் எடை அது. தையல் இயந்திரத்தை அங்கேயே உரியவரிடம் சேர்த்தேன். மற்றவற்றை லாரி பார்சலில் போட்டேன். ரஜாய்கள் ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தனவாம். அந்த நண்பர் நெடுநாள் என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. திரும்பும்போது ஊரில் என் சின்னம்மா இரண்டு மூட்டை அரிசியும் ஒரு அம்மிக்கல்லும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாமென்றேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

ஆகவே இளைஞர்களுக்கு நான் வற்புறுத்துவது இதைத்தான். புறப்படுவதற்கு முன், தண்ணீரும் ஆட்களும் உட்பட எல்லாவற்றையும் ஏற்றியபின், ஒருமுறை எடைமேடையில் நிறுத்துங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நூறு லிட்டர்த் தொட்டி என்பது இன்னும் ஓர் ஆளையும் அவர் மூட்டையையும் ஏற்றுவதற்குச் சமம். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆண்டில் பெரும்பகுதி நின்றே கிடக்கும் இத்தகைய வண்டிகளில் டயர் தேய்ந்து கெடுவதைவிட மூத்துக் கெடுவதே மிகுதி. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடங்கொடுக்கும் அளவைப் பார்த்து, பதிவுச் சான்றில் குறிக்கச் செய்யுங்கள். இல்லையேல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடக்கூடும். அந்நாளைய 26ஆம் எண், 7ஆம் எண் சாலைகளெல்லாம் இப்போது 44ஆம் எண்ணாகி அகன்று கிடக்கின்றன. சாலை நன்றாயிருப்பதாலேயே வேகம் கூடிவிடுகிறது. தொப்பூர் இறக்கம் மட்டும் மாறவில்லை.

அம்மா ஊரில் மூன்று ஆண்டுகள் இருந்தார். தம்பி வீட்டுத் திண்ணையில் அவருக்கு ஒரு கட்டில். ஆண்டுதோறும் வண்டியில் போய்ப் பார்த்துவந்தேன். 1989இல் அவர் காலமான பின்னும் சில பயணங்கள் போனோம், ஆயினும் பின்னாலிருந்து குரல் வராத வண்டியை ஓட்டுவது எனக்குப் பழகவில்லை. 1994இல் விற்றுவிட்டேன். விற்காதிருந்தாலும், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகரில் ஓடலாகாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னபோது அதற்கு முடிவு வந்திருக்கும்.

வாங்கியவர் மறுபடி மூட்டை ஏற்றுவதற்கென்று கேட்டதால் கட்டிலைக் கழற்றிக் கொடுக்கவேண்டியதாயிற்று. எட்டு ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகும் அந்த நட்டுகள் ஒன்றுகூடத் தளரவில்லை. ஸ்பேனருக்கு இணங்காமல் இரண்டை வாளால் அறுத்துத்தான் எடுத்தோம். அந்தப் பலகை இன்று எங்கள் வீட்டு பால்கனியில் பூந்தொட்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அம்மா இடக்கையால் பற்றிக்கொண்டு வந்த ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். அதன்மேல் தொட்டி வைக்க என் மனைவி விடுவதில்லை.