ஈயும் தேனீயும்: ஒப்புமை உறவாகுமா?

மொழியியல் பயின்றேன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் இரு சொற்களை முன்வைப்பர். "ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, ஒன்றிலிருந்துதானே மற்றொன்று பிறந்திருக்க வேண்டும்?" இதற்கு விடை கூற நான் அண்மைக்காலமாகத் துணைக்கு அழைப்பது ஐரோப்பாவில் வாழும் ஓர் ஈயை.

வொலுசெல்லா பாம்பிலன்ஸ் என்பது அதன் அறிவியற்பெயர். அந்தரத்தில் அசையாது நின்று பறக்கவல்ல ஹோவர்ஃப்ளை குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் பருத்த உடலும் அடர்ந்த மயிரும் கொண்ட அதனைக் காண்போர் பம்பிள் தேனீ என்றே எண்ணுவர். அதற்கு வேடமும் ஒன்றன்று. ஒரு வடிவம் கருமேனியும் செம்பின்புறமுமாகச் செவ்வால் பம்பிள் தேனீயை ஒத்திருக்கும். மற்றொன்று மஞ்சள் பட்டையும் வெண்பின்புறமுமாக வெண்வால் தேனீக்களை ஒத்திருக்கும். இரண்டும் ஒரே இனம்; தமக்குள் கூடி இனம் பெருக்குபவை. கொடுக்கு மட்டும் இரண்டுக்கும் இல்லை.

1758இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயர் மஸ்கா பாம்பிலன்ஸ். மஸ்கா என்றால் ஈ. பாம்பிலன்ஸ் என்பதோ பம்பிள் தேனீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை நினைவூட்டுவது. பெயர்ச்சொல் உறவைக் கூறுகிறது, அடைமொழி தோற்றத்தைக் கூறுகிறது. நிறம் எத்துணை ஏமாற்றினும் தேனீக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டே.

இவ்வேடம் யாருக்காக? பெண் ஈ பம்பிள் தேனீயின் கூட்டினுள் புகுந்து முட்டையிடும். புழுக்கள் அங்குள்ள கழிவுகளையும் இறந்த புழுக்களையும் தின்று வளரும். எனவே கூட்டின் காவலரை ஏய்க்கவே இவ்வேடம் என்று கருதத் தோன்றும். ஆனால் கூட்டினுள் இருள். தேனீக்கள் தம்மவரை மணத்தால் அறிபவை. மேலும், இதன் நெருங்கிய உறவான வொலுசெல்லா பெல்லூசன்ஸ், குளவியைப் போல் தோன்றாமலேயே குளவிக்கூட்டில் முட்டையிடுகிறது. ஆகவே வேடம் பறவைகளின் கண்ணுக்கானது எனக் கொள்வதே பொருந்தும். ஒருமுறை கொட்டுப்பட்ட பறவை அந்நிறத்தை மறப்பதில்லை. தீங்கற்ற உயிர் தீங்குடையதன் கோலம் பூணும் இம்முறையை ஹென்றி பேட்ஸ் 1862இல் விளக்கினார்.

சொற்களுக்கு வருவோம். இலத்தீன் 'ஹபேரே', ஆங்கில 'ஹேவ்' இரண்டும் உடைமையைக் குறிப்பவை, எனினும் உறவற்றவை. 'ஹேவ்' என்பதன் உண்மை உறவு, பற்றுதல் எனப் பொருள்படும் இலத்தீன் 'கபெரே'. இலத்தீனில் ககரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹகரம் நிற்பது ஒழுங்கான இணை: 'கோர்னு' எனின் 'ஹார்ன்', 'கென்டும்' எனின் 'ஹன்ட்ரட்'. தமிழ்ப் பகரத்துக்குக் கன்னடத்தில் ஹகரம் நிற்பதும் (பால்–ஹாலு, புலி–ஹுலி) இத்தகையதே. இவ்வொழுங்குதான் சொல்லாய்வில் நாம் எண்ண வேண்டிய சிறகு.

வேர்ச்சொல் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் செவிக்கு ஒத்தவற்றையெல்லாம் உறவெனப் பறைசாற்றினால், பல தலைமுறை உழைப்பால் நிறுவப்பட்ட திராவிட மொழியுறவும் அவற்றோடு சேர்த்தே ஐயுறப்படும். மாணவ நண்பர்கள் அடுத்தமுறை அத்தகைய பட்டியலைக் காணும்போது, பகிர்வதற்கு முன் ஒழுங்கு எங்கே என்று கேட்க வேண்டுகிறேன்.