திறந்து காட்டச் சொன்னேன்

எஸ்ஸன் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் யூ 11 வண்டிக்காக நின்ற கூட்டத்தைப் பார்த்தால், எல்லாரும் விமானம் பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆளுக்கொரு சக்கரப் பெட்டி. எனக்கு முன்னால் நின்றவரின் பெட்டி சாய்ந்து விழுந்து வாய் திறந்தபோதுதான் பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. போகும்போது காலி, வரும்போது நிறை. சில நிமிடங்களில் க்ரூகா நிறுத்தம் வந்தது. படியேறினால் எதிரிலேயே கண்காட்சி வளாகம்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் நான்கு நாள் நடக்கும் சந்தை இது. பெயர் 'ஸ்பீல்'. 1983-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் வாசகர்கள் இதே ஊரின் முதியோர் கல்விக் கூடம் ஒன்றில் கூடி ஆடினார்கள், அதுதான் தொடக்கம். 2019-இல் வந்தவர்கள் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார்களோ என்று பட்டது.

கூட வந்தவன் என் சித்தி மகன். டூசல்டார்ஃபில் வேலை; இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அவன் வீட்டில் துணி வைக்க வேண்டிய அலமாரியில் பாதிக்கு மேல் விளையாட்டுப் பெட்டிகள். உள்ளே நுழையும்போதே எனக்கு அறிவுரை. "அண்ணே, சின்னதா ஆரம்பிச்சா சின்னதாவே நின்னுடும். நல்லா கனமான பெட்டியா ஒண்ணு வாங்கிடுங்க. காசு போட்டாத்தான் ஆடத் தோணும்."

"முதல்ல பார்ப்போம்டா" என்றேன். மதியம் வெளியே சந்திப்பதாகப் பேசிக்கொண்டு அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம்.

அரங்குக்குள் முதலில் காதில் விழுந்தது பகடைச் சத்தம் இல்லை, பேச்சு. வரிசை வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் விதி சொல்லிக்கொண்டிருக்கிறார். புது அட்டையின் பசை வாசனையோடு எங்கிருந்தோ எண்ணெய்ச் சட்டி வாசனையும் வந்தது. கடைக்காரர்கள் விற்பதைவிட ஆட வைப்பதில்தான் குறியாக இருந்தார்கள். நாற்காலி காலியானால் உட்கார வேண்டியதுதான், காசு கிடையாது. ஜெர்மன் தெரியாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று ஊரில் ஒருவர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். நான் உட்கார்ந்த மேஜைகளில் முதல் கேள்வியே "இங்கிலீஷா, ஜெர்மனா?" என்பதுதான்.

'கட்டான்' ஆடிய மேஜை ஒன்றின் பின்னால் வெகு நேரம் நின்றேன். க்ளாஸ் டாய்பர் என்ற பல் தொழில்நுட்பக்காரர் உருவாக்கி 1995-இல் வந்த ஆட்டம். 19 அறுகோண அட்டைகளைச் சேர்த்தால் ஒரு தீவு. பாலைவனம் தவிர ஒவ்வொரு நிலத்திலும் ஓர் எண். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணாக வந்தால், அங்கே வீடு கட்டியவருக்கு மரமோ செங்கல்லோ கம்பளியோ கிடைக்கும். எண்ணுக்குக் கீழே குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருந்தன. அந்த எண் எத்தனை விதமாக விழும் என்பதன் கணக்கு. மொத்தம் 36 விதத்தில் 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து, 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. ஆறு விதமாக விழும் 7-க்கு நிலமே கிடையாது, திருடன்தான் வருவான். நம் வீடுகளில் 'பிசினஸ்' ஆடும்போது திவாலானவன் எழுந்து போய்ச் சன்னலோரம் நிற்பான். இங்கே தோற்றுக்கொண்டிருப்பவனும் கடைசி வரை உட்கார்ந்து, "ரெண்டு கம்பளி தரேன், ஒரு செங்கல் குடு" என்கிற ரீதியில் பேரம் பேசுகிறான். அந்த மேஜையில் பகடையைவிட வாய்தான் அதிகம் ஆடியது.

அடுத்து, தம்பி சொன்ன கனமான பெட்டி. விண்வெளிக் கதை, தொண்ணூறு யூரோ, நான்கைந்து கிலோ இருக்கும். பெட்டியில் 'இரண்டு மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விதி சொல்லவே அரை மணிக்கு மேல் ஆனது. நான்கு பேரில் ஒருவர் அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாகத் திரும்பியபோது முதல் சுற்று முடிந்திருக்கவில்லை. ஆட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். மீதி மூவரின் முகத்தில் அப்படி ஒரு தீவிரம். ஆனால் முதல் படியாக வைக்க வேண்டிய கல் அது இல்லை.

பக்கத்து அரங்கில் சிப்பாய் பொம்மைகளுக்கு ஒற்றை முடித் தூரிகையால் கண் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை அடுத்துக் கதாபாத்திரமாக மாறிப் பேசி ஆடும் ரகம், 1974-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வம்சம். இருபது முகப் பகடைகளைக் கண்ணாடிக் கிண்ணங்களில் குவித்து, கடலை மிட்டாய் மாதிரி அள்ளி விற்றார்கள். எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை, நகர்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து ஆடியதில் எனக்குப் பிடித்துப்போனது ஒரு சீட்டுக்கட்டு. '6 நிம்ட்', வோல்ஃப்காங் கிராமர் 1994-இல் தந்தது. எதிரே ஒரு பாட்டி, பக்கத்தில் அவர் பேரன், பத்து வயது இருக்கும். 1 முதல் 104 வரை எண் போட்ட சீட்டுகள், ஆளுக்குப் பத்து. நடுவில் நான்கு வரிசை. எல்லாரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சின்ன எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சீட்டும் தனக்குக் கீழே மிக நெருங்கிய எண்ணில் முடியும் வரிசையில் போய்ச் சேரும். ஆறாவதாகச் சேருகிறவர் முன்னால் கிடக்கும் ஐந்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும். சீட்டில் வரைந்த காளைத் தலைகள்தான் அபராதம். அவ்வளவுதான் விதி, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு வரிசை 36, 40, 44, 48 என்று நின்றது. என் கையில் 52. ஐந்தாவது இடம், பத்திரம் என்று வைத்தேன். பேரன் திருப்பியது 50. சின்ன எண் என்பதால் அவன் சீட்டு முதலில் போய் ஐந்தாவதாக உட்கார்ந்தது, என்னுடையது ஆறாவது. 44-க்கு மட்டும் ஐந்து தலை, 40-க்கும் 50-க்கும் மூன்று மூன்று, மற்ற இரண்டுக்கும் ஒன்றொன்று. 13 தலைகளை நான் வாரிக்கொண்டபோது பையன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். பாட்டி அந்தச் சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. புதுக் கட்டு எட்டரை யூரோ. வாங்கிவிட்டேன்.

மதியம் வெளியே ஒரு தட்டுப் பொரித்த உருளைக்கிழங்கு ஐந்தரை யூரோ. "என்னண்ணே, சீட்டுக்கட்டுதானா?" என்றான் தம்பி. பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்த சிவப்புக் காய்ச் சின்னம் என்ன என்று கேட்டேன். 1979 முதல் ஜெர்மன் நடுவர் குழு ஒன்று கொடுக்கும் 'ஆண்டின் ஆட்டம்' விருதாம். சிவப்பு என்றால் குடும்பத்தோடு ஆடலாம், நீலம் குழந்தைகளுக்கு. 2011-இல் சேர்த்த கருஞ்சாம்பல் நிறம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டா என்னைத் தொண்ணூறு யூரோ பெட்டியிடம் அனுப்பினாய் என்று கேட்டேன். உருளைக்கிழங்கில் கவனமாகிவிட்டான்.

பழைய பெட்டிகள் விற்கும் கடைகளில்தான் பிற்பகல் முழுக்கக் கழிந்தது. பழம்புத்தகக் கடை வாசனை அடித்தது. அடுக்கின் அடியில் ஒரு சிவப்பு மூடியை இழுத்தேன். மூடியில் கோபக்கார மனிதர் ஒருவர், உள்ளே சிலுவை வடிவக் கட்டம், நான்கு நிறக் காய்கள். வெட்டினால் காய் மறுபடி வீட்டுக்கு. 'மென்ஷ் எர்கெரே டிஷ் நிஷ்ட்' என்று பெயர். முதல் உலகப் போரின்போது, இதை உருவாக்கிய யோசெஃப் ஷ்மிட் 3,000 பெட்டிகளை ராணுவ மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். படுத்துக் கிடந்த சிப்பாய்கள் ஊர் திரும்பியதும் வாங்க ஆரம்பித்தார்கள். மூலம் நம் பக்கத்துப் பச்சீசி. தாயக்கட்டம் போட்டு வளர்ந்தவருக்கு இதன் விதியை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐந்து யூரோதான்; ஆனால் அதை எஸ்ஸன் வரை வந்து வாங்குவானேன் என்று திரும்ப வைத்தேன்.

அதற்குப் பக்கத்தில் 'கார்கசோன்', 2001-இன் சிவப்புக் காய் விருது பெற்றது, பழைய பதிப்பு, பத்து யூரோ. "முழுசா இருக்கு" என்றார் கடைக்காரர். திறந்து காட்டச் சொன்னேன். சதுர அட்டைகள் 72 இருக்க வேண்டும். அவர் மேஜையிலேயே பத்துப் பத்தாக அடுக்கினேன், 72 சரியாக இருந்தது. மர மனிதர்கள் ஐந்து நிறத்தில் எட்டெட்டு, ஆக 40. வந்தது 39. மஞ்சளில் ஒன்று குறைகிறது என்று காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அனாதைக் காய்களின் குவியல். கிளறி ஒரு மஞ்சளைத் தேடிக் கொடுத்தார். மற்ற ஏழைவிட நிறம் கொஞ்சம் வெளிர், பரவாயில்லை. விலையில் ஒரு யூரோ குறைத்தார், நான் கேட்காமலே.

ஆக மொத்தம் பதினேழரை யூரோ. நம் பணத்தில் அன்று ஏறக்குறைய 1,700 ரூபாய்.

நடைபாதையில் சுவரோரமாக ஆட்கள் தரையில் உட்கார்ந்து, வாங்கியதை அங்கேயே பிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பியும் சக்கரப் பெட்டியைப் படுக்கப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். முதல் அட்டையை நடுவில் வைத்தோம். தம்பி நிறம் பிரிக்கக் கையை நீட்டுவதற்குள், மஞ்சள் எனக்கு என்று சொல்லிவிட்டேன்.