மட்டை பிடித்த கைக்கு ஒரு வேலை

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் பற்றிக் கேட்டால் கடையைக் கைகாட்டுவார்கள். ஹாக்கி பற்றிக் கேட்டால் உட்காரச் சொல்வார்கள். பேச அவ்வளவு இருக்கிறது.

அந்தப் பேச்சில் 2022 மே 23 கட்டாயம் வரும். அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை தொடங்கியது. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவுக்காக கோல் போட்டவர் கார்த்தி. சீனியர் அணியில் அவருக்கு அதுதான் அறிமுகத் தொடர். சொந்த ஊர் அரியலூர். ஆட்டத்தில் தேறியது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். அதே விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பிள்ளையே. அவரும் அந்த அணியில் இருந்தார். கடைசி நேரத்தில் பாகிஸ்தான் சமன் செய்துவிட்டது வேறு கதை. ஜப்பானை 1-0 என்று வென்று இந்தியா வெண்கலத்துடன் திரும்பியது.

கரிசல் மண்ணுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன பொருத்தம் என்று தோன்றும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் காலை விடாது. அதில் பந்து நேராக உருளாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து உலக ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குப் போய்விட்டது. அந்தத் தரையையும் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீரைச் சீவலப்பேரியிலிருந்து குழாயில் கொண்டுவந்து குடிக்கும் ஊர் இது. அப்படியும் கிருஷ்ணா நகரில் புல்தரை மைதானம் வந்தது. 2021இலும் 2022இலும் ஜூனியர் தேசியப் போட்டி அங்கேதான் நடந்தது.

ஆனால் நீல ஜெர்சி நிரந்தரமில்லை. 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இறுதியாட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா, மலேசியாவை 4-3 என்று வென்றது. அந்த அணியில் கார்த்தி இருந்தார், மாரீஸ்வரன் பெயர் இல்லை. 2024இல் பாரிஸுக்குப் போன ஒலிம்பிக் அணியில் கார்த்தியும் இல்லை. பதினாறு பேருக்குத்தான் இடம். திறமை இருந்தும் வெளியே நிற்பவர்களைக் கணக்கெடுத்தால் இன்னொரு அணியே தேறும்.

அதனால்தான் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய் வரும் அம்மா கேட்கிறார்: "விளையாடினா வேலை கிடைக்குமாய்யா?" அவருக்கு ஒலிம்பிக் ரொம்பத் தூரம். ரயில்வே, போலீஸ், சுங்கத் துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வரும் வேலைதான் பக்கம். 2017க்குப் பிறகு நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அதற்கான ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி உண்டு. இருந்தாலும் லீக் சில வாரம்தான், சம்பளம் மாதா மாதம் வேண்டும்.

இருபத்தைந்து வயதுக்குள் அந்த வேலை கிடைத்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும். கிடைக்காதவர் மட்டையைப் பரணில் வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். பத்து வயதில் மட்டையைப் பிடிக்கும் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனை மைதானத்துக்கு அனுப்பும் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறார்கள்.