நாவின் குற்றமன்று

எங்கள் தமக்கையாரின் இல்லம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையினின்று பிரியும் சிறு தெருவொன்றில் உள்ளது. டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகம் நடந்து செல்லும் தொலைவுதான். அதன் பெயர் இன்று மெட்ரோ நிலையத்துக்கும் அமைந்துவிட்டது. மருத்துவத்தின் நிழலிலேயே வாழ்ந்தும், ஒரு குறையின் காரணத்தை நாங்கள் ஈராண்டுகள் அறியாதிருந்தோம்.

அக்காவுக்கு வயது 58. குருதிப் பரிசோதனையில் கொலஸ்டிரால் 252 எனக் கண்டது. உடனே தம்பியராகிய நாங்கள் நீதிபதிகளானோம். நெய்ச்சோறு நின்றது, ஆட்டிறைச்சி நின்றது, பெருநாளன்றும் அவர் தட்டில் இரண்டு இட்லிகளே. எங்களுக்கு நெய்ச்சோறு சமைத்தவரும் அவரே என்பதை எண்ணுந்தோறும் நாணுகிறோம். ஆறு திங்கள் கழித்தும் எண் இறங்கவில்லை. "ஒளித்து வைத்து உண்கிறீர்களா அக்கா?" என்று எங்களுள் இளையவன் விளையாட்டாகக் கேட்டான். அக்கா விடை கூறாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். பின்னர் ஒரு மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தந்தார். கால் தசைகளில் வலி மிகுந்தது. வயதின் கோளாறு என்றனர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. நோயின் மூலத்தைத் தேடச் சொல்லும் குறள் அதன் பின்னரே வருகிறது. தமிழ் கற்பிக்கும் குடும்பத்தினராகிய நாங்கள் முற்பகுதியோடு நூலை மூடிவிட்டோம் போலும்!

வேறொரு மருத்துவர் அக்காவின் வறண்ட தோலையும் ஓயாத அயர்வையும் கண்டு தைராய்டு பரிசோதனை செய்யச் சொன்னார். தைராக்சின் அளவு இயல்பாகவே இருந்தது. ஆனால் ஏறத்தாழ நாலரைக்குள் இருக்கவேண்டிய டி.எஸ்.எச். 11.6 ஆக ஏறியிருந்தது. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சோர்வுறும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அதனை ஏவும் குரலே டி.எஸ்.எச். மாணவன் எப்படியோ பாடத்தை ஒப்பித்துவிடுகிறான். ஆசிரியரின் தொண்டைதான் வறளுகிறது. வகுப்பறையில் காலங்கழித்தோர்க்கு இது எளிதில் விளங்கும்.

இதற்கும் கொழுப்புக்கும் என்ன தொடர்பு? குருதியில் மிதக்கும் எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்களைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் உள்ளன. அவற்றைக் கண்டு விளக்கிய பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வேற்பிகளை ஆக்குமாறு கல்லீரலைத் தூண்டுவனவற்றுள் தைராய்டு இயக்குநீரும் ஒன்று. தூண்டுதல் குன்றினால் ஏற்பிகள் குறைகின்றன. துகள்கள் குருதியிலேயே தேங்குகின்றன. தட்டில் நெய் இல்லாதபோதும் எண் ஏறி நிற்பது இதனால்தான். தைராய்டு குறையைக் கவனியாமல் கொழுப்பு மாத்திரை உண்போர்க்குத் தசைவலி நேரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் பின்னரே அறிந்தோம்.

இது அரிய குறையுமன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு எட்டுப் பேரிடம் இத்தகைய இலேசான குறை காணப்பட்டது.

செய்தி கேட்ட 67 வயது மச்சானும் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்கு 6.1. தமக்கும் மாத்திரை வேண்டுமென்றார். மருத்துவரோ, பத்துக்கு மேற்பட்டால் பெரும்பாலும் மருந்து தருவோம், இவ்வளவுக்குச் சில திங்கள் கழித்து மீண்டும் பார்த்தாலே போதும் என்றார். ஐரோப்பாவில் 65 வயது கடந்த 737 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலேசான குறைக்கு மாத்திரை உண்டோரின் அயர்வு, வெற்று மாத்திரை உண்டோரின் அயர்வைவிடக் குறையவில்லையாம். மச்சானுக்குச் சற்று ஏமாற்றமே.

அக்கா மாத்திரையை வெறும் வயிற்றில், தேநீருக்கு முன் உண்கிறார். நோன்பு மாதத்தில் மருத்துவரைக் கேட்டு, சஹர் உணவுக்கு முக்கால் மணி முன்னதாக எழுந்து உண்டார். கொலஸ்டிரால் 224க்கு இறங்கியுள்ளது. முற்றும் சரியாகிவிடவில்லை, உணவில் அளவு இன்னும் உண்டு.

இவ்வாண்டுப் பெருநாளன்று அவர் தம் தட்டில் ஒரு கரண்டி நெய்ச்சோறு இட்டுக்கொண்டார். நாங்கள் அவரவர் தட்டையே பார்த்திருந்தோம்.