பிரம்பில்லாத பள்ளிக்கூடம்

நம்மவர் வாயில் வழங்கும் வசைச்சொற்களில் நாய்க்குக் கிடைத்திருக்கும் இடம் பெரிது. ஒருவனை இழிவாகப் பேச வேண்டுமானால் நாயே என்கிறோம். அவனே நன்றி மறந்தால், நாய்க்குள்ள நன்றிகூட இவனுக்கு இல்லையே என்கிறோம். இவை போதாவென்று, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று ஒரு பழமொழியும், நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் புத்தியைக் காட்டும் என்று மற்றொரு பழமொழியும் வைத்திருக்கிறோம். இவ்விரண்டின் கருத்தும் ஒன்றே; அஃதாவது, பிறவியில் வந்த குணம் பயிற்சியால் மாறாது என்பது. இவற்றை நாயைப் பற்றிச் சொல்வோர் அரியர். மனிதரைப் பற்றிச் சொல்வோரே அநேகர். ஆதலால் இப்பழமொழிகள் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்ப்பது நாய் வளர்ப்போருக்கு மாத்திரம் உரிய வேலை அன்று.

அப்படிச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, நான் தேடாமலே எனக்கு வந்தது. தோ பாயோவில் ஏழாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம். என் பேத்தி அதற்கு மணி என்று பெயரிட்டாள். மணிக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. இன்ன தாய், இன்ன தந்தை என்று எழுதிய சீட்டும் இல்லை. கட்டுமான நிலத்தின் ஓரத்திலே பிறந்து, காப்பகத்தில் வளர்ந்த பிராணி அது. இவ்வூரில் இத்தகைய நாய்களைச் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாய்ச் சொல்வார்கள். நம்மவரோ, விலை கொடுத்து வாங்கும் நாயைச் 'சாதி நாய்' என்றும், மற்றவற்றைத் 'தெரு நாய்' என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். மனிதரிடம் சாதி கேட்பது தவறென்று மேடையில் பேசும் நண்பர் ஒருவர், மணியைப் பார்த்தவுடன், "இது என்ன சாதி?" என்றே கேட்டார். பழக்கத்தின் வலிமை அத்தகையது.

இவ்வூர் விதிகளிலும் இந்த வேறுபாடு சிறிது உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ஒரு நாய் வைத்துக் கொள்ளலாம். அஃதும் அனுமதி பெற்ற சிறிய இனங்களின் பட்டியலில் இருத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாத கலப்பின நாய்களுக்கு, 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு தனித் திட்டத்தின் வழியாகவே இவ்வீடுகளின் கதவு திறந்தது. கதவு திறந்ததே பெரிது என்று நாங்கள் மணியை அழைத்து வந்தோம்.

மணி சோம்பல் என்பதை அறியாத நாய். விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடத்திச் சென்றாலும், வீட்டுக்கு வந்தவுடன் நாற்காலியிலிருந்து நாற்காலிக்குத் தாவும். நடைவழியில் யாருடைய காலடியோசை கேட்டாலும் கதவண்டை ஓடி நின்று ஓயாமல் குரைக்கும். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியாரின் மகன் இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்குபவர். அவர்கள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு முறையிட்டார்கள். எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. முறையீட்டில் நியாயம் இருந்தது. குரைப்பு நிற்காவிட்டால் மணி மறுபடியும் காப்பகத்துக்குப் போக நேரும் என்பதும் தெளிவாயிற்று. பேத்தி அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் பேராக்கிலிருந்து என் தமக்கையார் வந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும், "தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? அடியாத மாடு படியாது. ஒரு பிரம்பு வாங்கி வா, மூன்றே நாளில் வாயை மூடிக்கொள்ளும்" என்றார். நான் மறுத்தேன். "அக்கா, காலடியோசை கேட்கும்போதெல்லாம் அதற்கு அடி விழுந்தால், காலடியோசைக்குப் பின் வலி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். இப்போது விளையாட்டாய்க் குரைப்பது, அப்புறம் அச்சத்தால் குரைக்கும், அல்லது கடிக்கும்" என்றேன். அவர் ஏற்கவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நிற்க. நாய்களுக்கான தடைதாண்டும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை அஜிலிட்டி என்பர். 1978ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தாரை மகிழ்விப்பதற்காக இது முதன்முதல் நடத்திக் காட்டப்பட்டது. கண்காட்சிக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி என்பவர், பீட்டர் மீன்வெல் என்னும் பயிற்சியாளரின் துணையுடன், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து இதனை அமைத்தார். தாண்டும் கம்பிகள், நுழைந்தோடும் குழாய், வளைந்து வளைந்து செல்லும் கம்ப வரிசை, ஏறியிறங்கும் பலகைகள், ஏற்றப்பலகை ஆகியவற்றை, எசமானரின் கையசைவையும் குரலையும் மட்டுமே துணையாகக் கொண்டு, கழுத்துக் கயிறின்றி நாய் கடக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், கிரஃப்ட்ஸ் என்பது நாயின் குலத்தையும் உருவத்தையும் அளந்து பரிசளிக்கும் இடம். அங்கேயே பிறந்த இவ்விளையாட்டோ குலத்தைக் கேட்பதில்லை. எவ்வளவு நேரத்தில் ஓடிற்று, எத்தனை பிழை செய்தது என்பவையே கணக்கு. பிரிட்டனில் கலப்பின நாய்களும் இதில் ஓடுகின்றன. அமெரிக்கச் சங்கமும் 2010ஆம் ஆண்டில் அவற்றுக்கு இடங்கொடுத்தது.

மணியைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இவ்விளையாட்டுக்கென நாய்க்கு முதலில் கற்பிக்கும் அடிப்படைப் பாடங்கள், துள்ளித் திரியும் இளம் பிராணியின் மனத்தை ஒருமுகப்படுத்த ஏற்றவை என்று அறிந்து, அவற்றை வீட்டிலேயே தொடங்கினேன். நாற்பதாண்டு ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு இதுவும் ஒரு வகுப்புத்தானே! கூடமே பள்ளிக்கூடம். கருவிகள், ஒரு ரப்பர்ப் பாய், இரு பக்கமும் திறந்த பெரிய அட்டைப் பெட்டி, துடைப்பக் கம்புகள் நான்கு, ஒரு பலகை, ஒரு வாளி. சம்பளம், சுண்டுவிரல் நகத்தளவு வேகவைத்த கோழியிறைச்சி. அதுவும் மணியின் அன்றாட உணவிலிருந்து கழித்து வைத்ததே. ஒரு பாடத்துக்கு மூன்று நிமிடம். நாளுக்கு நான்கு பாடம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் இளைத்து மூச்சுவிட்டே சூட்டைத் தணித்துக் கொள்கிறது. ஆகவே இவ்வூர்ப் புழுக்கத்தில், காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே வகுப்பு. வழவழப்பான தரையில் கால் சறுக்காதிருக்க எப்போதும் பாய் விரித்திருக்கும்.

முதற்பாடம், என் உள்ளங்கையை மூக்கால் தொடுவது. தொட்ட அக்கணமே 'சரி' என்பேன்; பிறகு இறைச்சி. இதில் எல்லாம் அந்தக் கணத்திலேயே இருக்கிறது. கையைத் தேடி எடுத்து ஊட்டுவதற்குள் நாய் தலையைத் திருப்பிவிட்டால், தலையைத் திருப்பியதற்கே கூலி கிடைத்ததாய் எண்ணும். செய்த செயலுக்கும் வருகிற கூலிக்கும் இடையே ஒரு பாலமாக அச்சொல் நிற்கிறது. கடல்வாழ் ஓங்கில்களுக்குக் கழுத்துக் கயிறு கட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அவற்றைப் பழக்கிய காரன் பிரையர் போன்றோர் ஊதலோசையை இவ்வாறே பயன்படுத்தினர். அம்முறை பின்னர் நாய்களுக்கும் வந்தது.

இரண்டாம் பாடம், பின்னங்கால்களை அறிதல். நாய் தன் முன்கால்களைக் கண்ணால் பார்க்கிறது. பின்கால்கள் தானாய்த் தொடர்ந்து வருவன என்றே நடந்து கொள்கிறது. துடைப்பக் கம்புகளைத் தரையில் வரிசையாய்க் கிடத்தி, மெதுவாய் நடத்தினால் நான்கு கால்களையும் எண்ணி வைக்கப் பழகும். தாண்டுவதற்குக் கம்பை உயர்த்தலாமே என்று பேத்தி கேட்டாள். கூடாது. வளரும் நாயின் எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத வளர்ச்சிப் பகுதிகள் உள்ளன. அளவுக்கு மீறிய குதிப்பு அவற்றுக்குக் கேடு. பதினெட்டு மாதம் நிறையாத நாயைப் பன்னாட்டுப் போட்டி விதிகள் களத்தில் இறக்குவதில்லை. வயதுக்கு மீறிய பாடத்தைத் தலையில் ஏற்றாதிருப்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

மூன்றாம் பாடம், அசையும் பலகை. ஏற்றப்பலகை சாயும்போது எழும் ஓசை பல நாய்களை மிரட்டிவிடும். ஆகையால் பலகையின் அடியில் மெல்லிய துணிச்சுருள் வைத்து, ஒரு கால் வைத்தாலே 'சரி' என்றேன். முதல் நாள் மணி ஒரு காலை வைத்துவிட்டு ஓடிற்று. நான் இழுத்து வரவில்லை, காத்திருந்தேன். ஆறாம் நாள் தானே ஏறி நின்று, பலகை தட்டென்று ஒலித்ததும் என் முகத்தைப் பார்த்தது. அச்சத்தை வென்ற பிராணியின் முகத்தில் தோன்றும் பெருமிதம் மனிதக் குழந்தையின் பெருமிதத்துக்குக் குறைந்தது அன்று.

பெட்டிக்குள் நுழைந்தோடுவது, வாளியை இடமும் வலமும் சுற்றிவருவது எல்லாம் எளிதிலே வந்தன. எல்லாவற்றிலும் அரிதானது நான்காம் பாடம். பாயின்மேல் நான்கு காலும் பதித்து, நான் 'வா' என்னும் வரை இருப்பது. துள்ளும் நாய்க்குச் சும்மா இருப்பதே கடினம். ஒரு விநாடியில் தொடங்கி, இரண்டு, ஐந்து, பத்து என்று ஏற்றினேன். பிறகு பேத்தி கைதட்டினாள், பந்தை உருட்டினாள், வெளியே சென்று நடைவழியில் நடந்தாள், கதவைத் தட்டினாள். ஒவ்வொன்றையும் முதலில் மெல்லிதாய், பிறகு சற்று உரக்க. தவறினால் தண்டனை இல்லை, கூலியும் இல்லை, பாடத்தை ஒரு படி எளிதாக்கித் திரும்பத் தொடங்குவோம். ஏழு வாரத்தில், நடைவழியில் காலடி கேட்டால் மணி கதவுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடத் தொடங்கிற்று. குரைப்பு அறவே போயிற்றென்று சொல்லமாட்டேன். பூனையைக் கண்டால் இன்றும் ஒரு குரல் கொடுக்கும். ஆனால் இரண்டாவது கடிதம் வரவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டியார் இப்போது மின்தூக்கியில் மணியைக் கண்டால் ஒதுங்கி நிற்பதில்லை.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எட்வர்ட் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலார், 1898ஆம் ஆண்டில், பூனைகளைத் தாழிட்ட கூண்டில் வைத்து ஆராய்ந்து, நற்பயன் தரும் செயல் மீண்டும் நிகழும் என்றும், துன்பந்தரும் செயல் அருகும் என்றும் கண்டார். இரண்டும் சமவலிமை உடையன என்றே முதலில் எண்ணினார். பின்னர் 1930ஆம் ஆண்டுகளில், மேலும் ஆராய்ந்து, பரிசு செயலை வலுப்படுத்துவது போலத் தண்டனை செயலை அவ்வளவாய் அழிப்பதில்லை என்று தம் கொள்கையைத் தாமே திருத்திக் கொண்டார். தாம் நாட்டிய கொள்கையைச் சான்று கண்டு மாற்றிக்கொள்ளும் துணிவு அறிஞர்க்கு இருக்கிறது. பழமொழிக்கு அத்துணிவு இல்லை; அதைச் சொல்லும் நமக்காவது வேண்டும்.

என் தமக்கையார் இவ்வளவையும் பார்த்திருந்தார். ஒரு நாள் மாலை, "நாய் சரி, தம்பி. மனிதப்பிள்ளை அப்படியா? அப்பா அடித்து வளர்த்ததால்தானே நீ வாத்தியார் ஆனாய்?" என்று கேட்டார். எங்கள் பாட்டனார் காலத்தில் தோட்டத்துக் கங்காணியின் கையில் பிரம்பு இருந்தது. அங்கே பட்ட அடி வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் முதுகில் இறங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரே எங்கள் தந்தையார். நான் சொன்னேன்: "அக்கா, அப்பா அடித்தது நினைவிருக்கிறது, எதற்காக அடித்தார் என்பது ஒன்றுகூட நினைவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சம்பள நாள் தோறும் கடைத்தெருவிலிருந்து ஒரு தமிழ் இதழ் வாங்கி வருவார். பால்நாற்றம் போகாத கையால் அதை என்னிடம் தந்து, 'படி, கேட்கிறேன்' என்று விளக்கடியில் உட்காருவார். நான் ஒரு வரியைத் தட்டாமல் படித்தால், 'அப்படித்தான்' என்பார். அந்த 'அப்படித்தான்' என்னும் சொல்லுக்காகத்தான் நான் படித்தேன்."

தமக்கையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னைப் படிக்கச் சொல்லி அவர் உட்காரவில்லையே" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. அவருக்கு அடி மட்டுமே கிடைத்தது; 'அப்படித்தான்' கிடைக்கவில்லை. பிரம்பு ஆளாக்கும் என்பது உண்மையானால், எங்கள் இருவரில் அவரன்றோ வாத்தியார் ஆகியிருக்க வேண்டும்?

வாசகர்களே! நாயின் வால் வளைந்திருப்பது அதன் எலும்பின் அமைப்பு. அதை நிமிர்த்த வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நிமிர்த்த வேண்டியது, பிறப்பைக் காட்டி ஒருவனைக் கைவிடும் நம் வழக்கத்தையும், கற்பிக்கப் பொறுமை இல்லாதபோது கையை ஓங்கும் நம் வழக்கத்தையுமே. உங்கள் வீட்டில் நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கற்க வேண்டிய யாரேனும் ஒருவர் இருப்பர். ஒரு பிள்ளையோ, பேரனோ, வேலைக்குப் புதிதாய் வந்தவரோ. பாடத்தைச் சிறு துண்டுகளாக்குங்கள். சரியாய்ச் செய்த கணத்தைத் தவறவிடாமல் சொல்லிவிடுங்கள். நாளுக்கு மூன்று நிமிடம் போதும். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, அதன்பின் பழமொழியை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.