கைகள்

மாநில உளவுத்துறையில் பிரமுகர்களுக்கு மெய்க்காவலனாக இருந்தவன் நான். காக்கப்படுபவரின் முகம் எங்கள் வேலையில் சேராது. அவருக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே நீளும் கைகளைப் பார்க்க வேண்டும்.

1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தியைச் சுட்டவை காவல் கைகளே. மறு ஆண்டு எஸ்.பி.ஜி. பிறந்தது. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியை நெருங்கிய கைகளில் சந்தன மாலை. அவருடைய மெய்க்காவலர் பி.கே. குப்தாவும் அங்கேயே செத்தார். அதன்பின் மாலை எனக்கு மாலையாக இல்லை.

ஊர் தல்லாகுளம். சித்திரையில், எதிர்சேவை முடிந்து, இங்குள்ள பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையை அழகருக்குச் சாற்றுகிறார்கள். ஜனங்கள் அழகரைப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற பின்னும் என் கண் மாலை ஏந்திய கைகளுக்கே போகிறது. கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களைக் கண்டால் பொறாமையாக இருக்கிறது.