மலைவழிக்கு ஒரு கத்தி

ரயில்வே அலுவலின் பொருட்டுச் சிலிகுரியில் குடியேறிய நாம், விடுமுறைகளில் பிள்ளைகளுடன் டார்ஜிலிங் மலைவழிகளில் நடப்பதுண்டு. புதர் விலக்கவும் சுள்ளி வெட்டவும் அங்கே குக்ரியே துணை.

பளபளப்பில் மயங்குதல் கூடாது. லாரியின் பழைய வில்பட்டையை அடித்துச் செய்த அலகு உறுதியானது. அதன் வால் பிடியின் இறுதிவரை சென்று ஆணிகளால் இறுகியிருத்தல் வேண்டும். அரக்கினால் ஒட்டிய பிடி தளர்ந்துவிடின், ஓங்கும்போது அலகு கழன்று அருகில் நிற்கும் குழந்தைமேல் பாயக்கூடும். வீட்டிற்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் அமைந்தவை நீங்கலாக, 9 அங்குலத்தை மீறிய அலகைப் படைக்கல விதிகள் ஆயுதமாகக் கொள்ளும். அதற்குள் அமைவதே நலம். உருவும்போது உறையின் முதுகுப்புறத்தையே பற்றுக. கூர்ப்புறம் உறையைக் கிழித்து விரலை வெட்டிவிடும்.

சென்ற பூஜை விடுமுறையில் கடையில் பிடியை முதலில் அசைத்துப் பார்த்தவர் நம் இல்லத்தரசியாரே. அது அசையவில்லை, அதன்பின்னரே விலை பேசினோம்.